இருபதில் ஒரு பங்கு இசக்கி

ஒரு காட்டில், ஜூலை முதல் தேதி காலை ஒன்பதே முக்காலுக்கு, அரசுத் தொடக்கப் பள்ளியின் முன்னால் நாற்பத்தொரு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். கடைசியில் நின்ற முள்ளெலியின் பெயர் இசக்கி, ஐந்தாம் வகுப்பு. உயரத்தை வைத்து அவளை அங்கே நிறுத்தவில்லை. நடுவில் நிறுத்தினால் பின்னால் நிற்கிற பிள்ளைக்குக் குத்துகிறது என்று முதல் வகுப்பிலேயே புகார் வந்து, அப்போதே முடிவாகிவிட்ட இடம் அது.

அன்றைய தபாலில் பள்ளிக்கு ஒரு சட்டம் வந்திருந்தது. 'தனித்திறன் மாணவரைக் கண்டறிதல் மற்றும் அவர்க்குக் கல்விப் பணி செய்தல் சட்டம்' என்று பெயர். அறுபத்திரண்டு பக்கம். காட்டுப் பேரவையில் அது ஒருமனதாக நிறைவேறியிருந்தது. எதிர்க்க வேண்டுமானால் யாராவது படித்திருக்க வேண்டும்.

சட்டம் சொன்னது மூன்று விஷயம். ஒவ்வொரு அரசுப் பள்ளியும் எல்லாப் பிள்ளைகளையும் சோதித்து, தனித்திறன் உள்ளவர்களைக் கண்டறிய வேண்டும். கண்டறியப்பட்டவர்களுக்கு அவர்கள் திறனுக்கு ஏற்றபடி தனியாகப் பாடம் நடத்த வேண்டும். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் அவர்களுக்கு ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற உயர்நிலைப் பள்ளியில் இடமும் விடுதியும் கொடுக்க வேண்டும்.

இசக்கிக்கு மூன்றாவதுதான் முக்கியம். இக்கரையில் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. அதற்குப் பிறகு முள்ளெலிப் பிள்ளைகள் கரையான் புற்றுக்கு மண் தோண்டப் போய்விடுவார்கள். அவள் அம்மா முத்துப்பேச்சியும் அப்படிப் போனவள்தான். ராத்திரி முழுக்கத் தோண்டிவிட்டு, காலையில் மகளைப் பள்ளி வாசலில் விட்டுவிட்டுப் போய்த் தூங்குவாள்.

சட்டம் வந்த மறுநாள் வாசலில் எஸ்தர் டீச்சர் அவளை நிறுத்திச் செய்தியைச் சொன்னார். எஸ்தர் டீச்சர் கொக்கு. ஐந்து வகுப்புக்கும் அவர் ஒருவரே ஆசிரியர். பதினேழு வருடமாக நின்றுகொண்டே பாடம் நடத்துகிறார். பள்ளியில் இருந்த ஒரே நாற்காலி தலைமையாசிரியருடையது.

"அக்கரைப் பள்ளிக்கூடத்துல ராத்திரிச் சோறு போடுவாகளா டீச்சர்?" என்று முத்துப்பேச்சி கேட்டாள்.

"மூணு வேளையும் போடுவாங்க."

"ராத்திரி தூங்கவும் விடுவாகளா?"

"விடுதின்னா தூங்கத்தானேம்மா?"

முத்துப்பேச்சி மகளைத் திரும்பிப் பார்த்தாள். "ஏட்டி, உனக்கு என்ன கேக்கணும்? கேளு."

"அங்க எத்தன புத்தகம் இருக்கு டீச்சர்?" என்றாள் இசக்கி.

"நாலாயிரம்னு சொல்லுதாங்க."

"ஒரு நாளைக்கு ரெண்டுன்னு படிச்சாலும் அஞ்சரை வருசம் ஆவுமே" என்றாள் அவள். பள்ளி ஆறு முதல் பத்து வரை ஐந்து வருடம்தான். அந்த அரை வருடத்தை எங்கே பிடிப்பது என்ற கவலையோடு அவள் வகுப்புக்குள் போனாள்.

ஜூலை பதினான்காம் தேதி சோதனை நடந்தது. முத்திரையிட்ட உறையில் வந்த வினாத்தாள், முப்பது கேள்வி, சட்டப்படி எல்லாருக்கும் ஒரே நேரம். எஸ்தர் டீச்சர் திருத்தினார். கரடி மகள் நிதர்சனா முப்பதுக்குப் பதினொன்று. சிறுத்தை மகன் யாஷ்வந்த் ஒன்பது. இசக்கி முப்பதுக்கு முப்பது. இருபத்தேழாவது கேள்வியே தப்பு என்று விடைத்தாளின் ஓரத்தில் காரணத்தோடு எழுதிவைத்து, கேட்டவர் என்ன கேட்க நினைத்திருப்பார் என்று ஊகித்து அதற்கும் விடை எழுதியிருந்தாள்.

எஸ்தர் டீச்சர் விடைத்தாளை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குப் பறந்தார். நடந்து போகிற தூரம்தான்.

தலைமையாசிரியர் நல்லசிவம் ஒரு காட்டெருமை. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம்: சுள்ளிப்பாறைக்கு மாற்றல். அங்கே புல்லும் கிடையாது, தண்ணீரும் கிடையாது, பள்ளிக்கூடம் மட்டும் உண்டு.

"சந்தோசம் டீச்சர். ஆனா சோதனை மட்டும் போதாதுன்னு சட்டம் சொல்லுது" என்றார் அவர். "பண்பு மதிப்பீட்டுப் படிவமும் நிரப்பணும். அதை நான் நிரப்பிட்டேன்."

படிவத்தில் பன்னிரண்டு கேள்விகள் இருந்தன. பிள்ளை அடிக்கடி கேள்வி கேட்குமா? சொன்னதை உடனே ஏற்காமல் காரணம் கேட்குமா? தெரிந்த பாடத்தைத் திரும்ப நடத்தினால் சலிப்படையுமா? பெரியவர்களின் பிழையைக் கவனிக்குமா? இப்படியே போயிற்று.

நல்லசிவம் முப்பது வருடமாகப் படிவம் நிரப்புகிறவர். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையின் பழக்கங்களைக் கேட்டு வருகிற படிவம் என்றால், பிள்ளையைத் தண்டிப்பதற்கு என்றுதான் அர்த்தம். வேறு விதமான படிவத்தை அவர் பார்த்ததில்லை. எனவே ஒவ்வொரு டிக்குக்கும் இரண்டு மதிப்பெண் வீதம் குறைத்திருந்தார்.

"சார், இது குத்தப் பட்டியல் இல்ல. இதெல்லாம் இருந்தாத்தான் தனித்திறன்" என்றார் எஸ்தர் டீச்சர்.

"டீச்சர், பெரியவங்க பிழையைக் கவனிக்கிறதை ஒரு அரசாங்கம் நல்ல பழக்கம்னு சொல்லுமா? நீங்களே யோசிங்க."

எஸ்தர் டீச்சர் யோசித்துப் பார்த்தார். அரசாங்கத்தை வைத்துப் பார்த்தால் அவர் சொல்வதில் நியாயம் இருந்தது.

இசக்கிக்குப் பன்னிரண்டு டிக். முப்பதில் இருபத்து நான்கு போக ஆறு. பள்ளியில் கேள்வியே கேட்காத பிள்ளைகள் இரண்டே பேர். யாஷ்வந்த் வகுப்பில் தூங்கினான். நிதர்சனா அப்பாவின் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் மதிப்பெண் குறையவில்லை. மற்ற முப்பத்தெட்டுப் பேரில் பலர் பூச்சியத்துக்குக் கீழே போயிருந்தார்கள்.

யாஷ்வந்தின் அப்பா ஊராட்சித் தலைவர். தேர்தலில் எதிர்த்து நின்றவர்களை எல்லாம் அவர் சாப்பிட்டுவிட்டார் என்று சொல்வது அவதூறு. இரண்டு பேரைத்தான் சாப்பிட்டார், அதுவும் வேட்புமனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாள் முடிந்த பிறகு. நிதர்சனாவின் அப்பா ஒப்பந்தக்காரர். பள்ளியின் சுற்றுச்சுவரைக் கட்டியவர். சுவர் இப்போது இல்லை. இவையெல்லாம் பட்டியலில் எந்தப் பங்கும் வகிக்கவில்லை என்று நல்லசிவம் தாமாகவே, யாரும் கேட்காதபோதே, மூன்று முறை சொன்னார்.

பட்டியல் இப்படி அமைந்தது: நிதர்சனா, யாஷ்வந்த், இசக்கி. மூன்று பேரையும் அனுப்பிவிட்டால் சிக்கலில்லை என்று எஸ்தர் டீச்சர் நினைத்தார். அப்போதுதான் பிரிவு ஏழு குறுக்கே வந்தது.

பிரிவு ஏழின்படி, கண்டறியப்படுகிறவர்கள் பள்ளியின் மொத்த எண்ணிக்கையில் ஐந்து சதவீதத்துக்குக் குறையவும் கூடாது, கூடவும் கூடாது. குறைந்தால் பள்ளி சோம்பேறி. கூடினால் பள்ளி பொய் சொல்கிறது. பட்டியலை இணையதளத்தில் ஜூலை முப்பத்தொன்றாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் ஏற்ற வேண்டும். ஏற்றாத பள்ளியின் தலைமையாசிரியர் மீது நடவடிக்கை பாயும்.

முப்பத்தொன்றாம் தேதி மூன்று மணிக்கு நல்லசிவம் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போன் போட்டார். எடுத்தவர் எழுத்தர் பரமசிவன். உடும்பு. பிடித்த கோப்பை விடமாட்டார் என்று பெயரெடுத்தவர்.

"பரமசிவன், நம்ம பள்ளிக்கூடத்துல நாப்பத்தோரு பிள்ளைங்க. அஞ்சு சதவீதம் போட்டா ரெண்டு புள்ளி சைபர் அஞ்சு வருது. ரெண்டுன்னு அடிச்சா 'குறைவு'ங்குது. மூணுன்னு அடிச்சா 'மிகை'ங்குது."

"சரியாத்தான சார் சொல்லுது."

"அப்ப என்னதான் அடிக்க?"

"வர்றத அப்படியே அடிங்க. புள்ளிக்கு அப்புறம் ரெண்டு கட்டம் விட்டிருக்குல்லா? சும்மாவா விட்டிருப்பாங்க?"

"அந்தச் சைபர் அஞ்சு யாருய்யா?"

"அத நீங்கதான் சார் கண்டறியணும். சட்டமே அதுக்குத்தான போட்டிருக்கு."

நல்லசிவம் 2.05 என்று அடித்தார். தளம் பச்சையாகச் சிரித்தது. முதல் மாணவர் பெயர் கேட்டது, கொடுத்தார். இரண்டாம் மாணவர் பெயர் கேட்டது, கொடுத்தார். அடுத்து '0.05 மாணவரின் பெயர்' என்று கேட்டது. மணி நாலு ஐம்பத்தெட்டு. அவர் இசக்கி என்று அடித்தார்.

ஒரு வாரத்தில் சான்றிதழ்கள் வந்தன. நிதர்சனாவும் யாஷ்வந்தும் 'தனித்திறன் உடையவர்'. இசக்கி 'தனித்திறன் உடையவர், இருபதில் ஒரு பங்கு'.

காலையில் வேலையிலிருந்து மூக்கில் மண்ணோடு வந்த முத்துப்பேச்சி, எஸ்தர் டீச்சர் படித்துக்காட்டக் கேட்டாள். பிறகு தலைமையாசிரியர் அறைக்குள் போனாள்.

"எந்தப் பங்கு சார்?"

"என்னம்மா?"

"இருபதுல ஒரு பங்குன்னு போட்டிருக்கே, அது எந்தப் பக்கம்? தலையா, காலா? வீட்டுல மத்தப் பத்தொன்பதையும் நான் அதுக்கேத்தாப்புல வச்சுக்கிடுவேன்லா?"

"கிண்டல் பண்ணக் கூடாதும்மா. இது சட்டம்" என்று நல்லசிவம் குரலை உயர்த்தினார். முத்துப்பேச்சி சட்டென்று உருண்டையாகச் சுருண்டுகொண்டாள். முள்ளெலிகளுக்கு அது பழக்கம். சத்தம் அடங்குகிற வரை பிரிய மாட்டார்கள். பெற்றோர் சந்திப்புப் பதிவேட்டில் நல்லசிவம், 'பெற்றோர் ஒத்துழைக்கவில்லை' என்று எழுதினார்.

சுருண்டவள் பிரிந்ததும் அடுத்த கேள்வி கேட்டாள். "அக்கரைப் பள்ளிக்கூடம்?"

"அதுக்கும் வழி இருக்கும்மா. வருசத்துல இருநூத்தி இருபது வேலை நாள். அதுல இருபதுல ஒரு பங்கு பதினோரு நாள். பதினோரு நாளும் உம் பொண்ணு தாராளமா விடுதியில தங்கலாம். யாரும் எழுப்பிவிட முடியாது."

"பதினோரு நாளைக்கு ஆத்தைத் தாண்டிப் போயி என்னத்தப் படிச்சுக் கிழிக்க?" என்றாள் முத்துப்பேச்சி. அதற்குச் சட்டத்தில் பதில் இல்லை.

இதற்கிடையில் கல்விப் பணியும் தொடங்கியாக வேண்டும். தனிப்பாட வேளை நாற்பது நிமிடம். முழுப் பிள்ளைகளுக்கு முழு நாற்பது. இசக்கிக்கு அதில் இருபதில் ஒரு பங்கு, இரண்டு நிமிடம். நல்லசிவம் வாசலில் நின்று, தண்டவாளத் துண்டைத் தட்டி மணி அடித்து அவளை உள்ளே விடுவார். இரண்டு நிமிடம் ஆனதும் தட்டி வெளியே கூப்பிடுவார். நேரத்தைப் பதிவேட்டில் குறித்துக்கொள்வார். கூடுதலாக ஒரு நிமிடம் படித்துவிட்டாள் என்றால் பிரிவு ஏழை மீறியதாகிவிடும்.

முதல் நாள் எஸ்தர் டீச்சர் ஒரு கணக்குக் கொடுத்தார். இசக்கி போட்டாள்.

"டீச்சர், இதுக்கு இன்னொரு விடையும்…"

மணி அடித்தது.

மறுநாள் உள்ளே வரும்போதே ஆரம்பித்தாள். "இன்னொரு விடையும் வருது டீச்சர். ஆனா அது நல்லா இல்ல. அத எழுதணுமா?"

"எழுதணும். ஒரு கணக்குக்கு ரெண்டு விடை வந்தா ரெண்டையும் எழுதணும். பிடிச்சதை மட்டும் எழுதினா அது பாதிக் கணக்கு."

"ரெண்டாவதால யாருக்காவது நட்டம்னா?"

"கணக்குக்கு அதெல்லாம் தெரியாது பிள்ளை. அத…"

மணி அடித்தது. அந்த வாக்கியத்தின் மிச்சம் அவளுக்குச் சேரவில்லை. அடுத்த நாள் பின்னங்கள் நடத்த வேண்டியிருந்தது.

மீதி முப்பத்தெட்டு நிமிடமும் யாஷ்வந்த் தூங்கினான். நிதர்சனா, "டீச்சர், நெட் எடுக்கல" என்று ஒரு முறை சொன்னாள். அதைக் கேள்வியாக எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று நல்லசிவம் குழம்பி, கடைசியில் விட்டுவிட்டார்.

சட்டத்தில் மேல்முறையீட்டுக்கும் இடம் இருந்தது. பிரிவு பதினொன்று. பெற்றோர் மூன்று பிரதிகளில் எழுத வேண்டும். எஸ்தர் டீச்சர் எழுதினார், முத்துப்பேச்சி ஈர மூக்கை ஒற்றிக் கையொப்பம் வைத்தாள். வேண்டுகோள் ஒரே வரி: 'என் மகளைப் பின்னமாகக் கண்டறிந்தது செல்லாது.'

விசாரணை செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி பதினோரு மணிக்குப் பள்ளியிலேயே நடந்தது. வட்டாரக் கல்வி அலுவலர் சண்முகத்தாய் வந்திருந்தார். மிளா மான். நேர்மையானவர், களைத்தவர். அந்த வாரத்தில் அது அவருக்கு ஆறாவது விசாரணை. முந்தைய ஐந்தும் பின்னம்தான். முந்தின நாள் ஒரு முயல், தான் வெறும் 0.35 என்று கேள்விப்பட்டதிலிருந்து சாப்பிட மறுக்கிறது என்று புகார். கோப்புகளைத் தூக்கிக்கொண்டு உடும்பு பரமசிவனும் வந்திருந்தார்.

"சட்டத்துல பின்னப் பிள்ளைன்னு ஒண்ணு கிடையாது" என்று சண்முகத்தாய் எடுத்த எடுப்பிலேயே சொன்னார். "பிரிவு ரெண்டு, 'மாணவர் என்பது ஓர் உயிர்'. ஓர்னு போட்டிருக்கு. அதனால இந்தச் சான்றிதழ் செல்லாது."

எஸ்தர் டீச்சர் ஒற்றைக் காலிலிருந்து இரண்டு காலுக்கு வந்தார். முத்துப்பேச்சி தூக்கம் கலைந்து நிமிர்ந்தாள்.

"அப்ப எம் பொண்ணை முழுசாப் போட்டிருங்கம்மா."

"போட்டா மூணு வரும். மூணு போட்டா மிகை. தளம் ஏத்துக்காது" என்றார் பரமசிவன்.

"ரெண்டு போட்டா?"

"குறைவு."

"அப்ப வேற என்ன வழி?" என்று சண்முகத்தாய் கேட்டார். "பரமசிவன், திருத்தம் எப்ப வரைக்கும் செய்யலாம்?"

"இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும். அப்புறம் தளம் அடுத்த வருசம்தான் திறக்கும்."

மூன்று அதிகாரிகளும் கணக்குப் போட்டார்கள். நல்லசிவம் கரும்பலகையில் போட்டார். பரமசிவன் கால்குலேட்டரில் போட்டார். சண்முகத்தாய் கோப்பின் பின் அட்டையில் போட்டார். நாலு மணி நேரம் ஆயிற்று. மூவருக்கும் 2.05 தான் வந்தது. அவர்கள் போட்ட கணக்கு அதுதான். வேறு கணக்கு போட வேண்டும் என்று தோன்றவில்லை.

இசக்கி ஒரு மூலையில் உட்காரவைக்கப்பட்டிருந்தாள். விசாரணைப் பட்டியலில் அவள் பெயர் 'சான்றாவணம் 4' என்று இருந்தது. சான்றாவணம் பேசக் கூடாது. அவள் கையைத் தூக்கினாள்.

"என்ன பிள்ளை, வெளிய போணுமா?" என்றார் நல்லசிவம்.

"இல்ல சார். இந்தப் பக்கம் இருக்கிற எண்ணை மாத்த முடியாதுன்னா அந்தப் பக்கம் இருக்கிற எண்ணை மாத்தலாம்லா?"

"எந்தப் பக்கம்?"

"மொத்தம் நாப்பத்தொண்ணுன்னாத்தான சார் பின்னம் வருது? மொத்தம் அறுபதுன்னா அஞ்சு சதவீதம் சரியா மூணு. புத்துப் பக்கம் பள்ளிக்கூடத்துக்கே வராத பிள்ளைங்க பத்தொன்பது பேரு இருக்காங்க. நான் எண்ணியிருக்கேன். அவங்களைச் சேத்தா அறுபது. நாங்க மூணு பேரும் முழுசா வந்திரலாம்."

எஸ்தர் டீச்சரின் அலகு திறந்தபடி இருந்தது. பரமசிவன் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்து, "மூணு, மேடம். புள்ளியே இல்ல" என்றார்.

சண்முகத்தாய் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தச் சின்ன முள்ளெலியைப் பார்த்தார். "பதினெட்டு வருசச் சர்வீஸ்ல இப்படி ஒரு பிள்ளையை நான் பாத்ததில்ல" என்றார். அதைத் தம் கைப்பட ஆணையிலும் எழுதினார்: 'இம்மாணவி அரிய தனித்திறன் உடையவர் என்பதை நேரில் கண்டு உறுதி செய்கிறேன்.'

முத்துப்பேச்சி எஸ்தர் டீச்சரின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

இசக்கி கையை இன்னும் இறக்கவில்லை.

"இன்னொரு விடையும் இருக்கு" என்றாள். எஸ்தர் டீச்சர் அவள் பக்கம் திரும்பி வேண்டாம் என்று தலையசைத்தார். ஆனால் அவள் அதிகாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு ஆளு கொறைஞ்சாலும் சரியா வரும். நாப்பதுக்கு ரெண்டு. இது நல்ல விடை இல்ல. ஆனா விடைதான்."

நல்லசிவம் கரும்பலகையை அழித்தார்.

"பத்தொன்பது பேரைச் சேக்கணும்னா என்னென்ன வேணும், பரமசிவன்?" என்று சண்முகத்தாய் கேட்டார்.

"ஆளுக்கொரு பிறப்புச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், மூணு போட்டோ, சேர்க்கைப் படிவம் நாலு பக்கம். புத்துல பிறந்த பிள்ளைங்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்க ஆறு மாசம் ஆவும் மேடம்."

"ஒரு பேரை அடிக்கணும்னா?"

"தலைமையாசிரியர் கையெழுத்து ஒண்ணு."

சண்முகத்தாய் மணி பார்த்தார். மூன்று நாற்பது.

"யாரை அடிக்கிறது?" என்றார்.

நல்லசிவம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மேடம், மத்த நாப்பது பேரும் முழுப் பிள்ளைங்க. ஒரு முழுப் பிள்ளையை நீக்குறது பாவம். இது ஏற்கனவே இருபதுல ஒரு பங்குதான் பதிவாகியிருக்கு. பாதிப்பும் இருபதுல ஒரு பங்குதான் இருக்கும்."

"மேடம், விடை சொன்ன பிள்ளையவே நீக்குவீங்களா?" என்று எஸ்தர் டீச்சர் கத்தினார். அவர் குரல் அந்தப் பள்ளியில் அந்த அளவுக்கு எழுந்ததில்லை. முத்துப்பேச்சி சுருண்டுகொண்டாள்.

"விடையை நீக்கல டீச்சர். விடையைத்தான் நடைமுறைப்படுத்துறோம்" என்றார் சண்முகத்தாய். அவர் இரக்கமில்லாதவர் அல்ல; இதைச் சொல்லும்போது தரையைத்தான் பார்த்தார். "பின்னத்தை ரத்து செய்யணும்னுதான் மேல்முறையீடு. பின்னம் ரத்தாகிருச்சு. உங்க பக்கம்தான் ஜெயிச்சிருக்கு."

"அம்மா, உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?" என்று பரமசிவன் முத்துப்பேச்சியைக் கேட்டார். உருண்டை பதில் சொல்லவில்லை. 'ஆட்சேபணை இல்லை' என்று அவர் குறித்துக்கொண்டார்.

"நான் ரெண்டு விடை சொன்னேனே சார். மொத விடையும் சரிதான?" என்றாள் இசக்கி.

"ரெண்டும் சரிதான் பிள்ளை" என்றார் நல்லசிவம். அவள் விஷயத்தில் அவர் முழு மதிப்பெண் கொடுத்தது அது ஒரு தடவைதான்.

நாலு மணி பத்துக்கு அவர் மொத்தம் 40, கண்டறியப்பட்டவர் 2 என்று அடித்தார். தளம் பச்சையானது. மாற்றுச் சான்றிதழில் 'பள்ளியை விட்டு நீங்கும் காரணம்' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று சிறிது நேரம் யோசித்தார். ஆணையை வரிக்கு வரி பின்பற்ற வேண்டும் என்பதால், 'தனித்திறன்' என்று எழுதி முத்திரை குத்தினார்.

எஸ்தர் டீச்சர் விடவில்லை. மூன்று மைல் தள்ளி, நீர்மருத மரங்களுக்கு நடுவில் இன்னோர் அரசுப் பள்ளி இருந்தது. அங்கே முப்பத்தொன்பது பிள்ளைகள். ஐந்து சதவீதம் 1.95. ஒரு பிள்ளை சேர்ந்தால் நாற்பது, சரியாக இரண்டு. அந்தப் பள்ளிக்கு இசக்கி தேவை. இசக்கிக்கு ஒரு பள்ளி தேவை. இரண்டு நாள் கழித்து, தாயையும் மகளையும் கூட்டிக்கொண்டு அவர் அங்கே போய்ச் சேர்ந்தபோது பள்ளிக்கூடம் அமைதியாக இருந்தது.

வட்டார அலுவலகத்திலிருந்து அதற்கு முந்தின நாளே எல்லாப் பள்ளிகளுக்கும் சுற்றறிக்கை போயிருந்தது. பொருள்: 'மாணவர் எண்ணிக்கையை இருபதின் மடங்காக நெறிப்படுத்துதல்.' அடுத்த வருடத் திறப்புவரை காத்திருக்க வேண்டாம் என்று தளத்தையும் ஒரு வாரம் நீட்டித்திருந்தார்கள். வழிமுறையைக் கண்டுபிடித்தவர் பெயர் அதில் இல்லை. அவர் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை என்பதால் குறிப்பிட விதியில்லை.

"எங்க பள்ளிக்கூடத்துல இப்ப இருபது பேரு" என்றார் அந்தத் தலைமையாசிரியர். அவர் ஒரு காட்டுப்பன்றி. "சரியா ஒண்ணு வருது. நேத்துதான் முடிச்சோம்."

"ஒருத்தரைச் சேத்திருந்தா நாப்பது வந்திருக்குமே சார்! பத்தொன்பது பேரை நீக்கிட்டீங்களே!"

"சேக்கிறதுக்கு ஒருத்தருக்கு நாலு பக்கம் டீச்சர். நீக்குறதுக்கு ஒரே தாள்ல இருபத்தஞ்சு பேரு வரைக்கும் எழுதலாம். இன்னும் ஆறு வரி மிச்சம் இருக்கு."

இசக்கி அந்தத் தாளை எட்டிப் பார்த்தாள். அவர் எண்ணியது சரிதான், ஆறு.

திரும்பி வரும் வழியில், புற்றுப் பக்கம் வந்ததும் முத்துப்பேச்சி நின்றாள்.

"டீச்சர், எம் பிள்ளை என்ன தப்பு பண்ணிச்சு?"

"ஒண்ணும் பண்ணலம்மா."

"அதான் கேக்கேன். ஒண்ணும் பண்ணாமலே இப்படின்னா, தப்புப் பண்ண பிள்ளைய என்ன செய்வாக?"

எஸ்தர் டீச்சருக்குப் பதில் தெரிந்திருந்தது. அக்கரைக்கு அனுப்புவார்கள்.

அந்த வட்டாரத்தில் இருபத்தேழு பள்ளிகள். சுற்றறிக்கைக்குப் பிறகு எல்லாப் பள்ளியிலும் எண்ணிக்கை இருபது, நாற்பது, அறுபது என்று அழகாக நின்றது. ஒரு பள்ளியிலும் பின்னம் இல்லை. நீக்கப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று பேரவையில் ஓர் உறுப்பினர் கேட்டார். அவர்கள் பள்ளிகளில் இல்லாததால் பள்ளிக் கல்வித் துறையிடம் தகவல் இல்லை என்று அமைச்சர் பதிலளித்தார். உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள்.

மார்ச் இருபதாம் தேதி சண்முகத்தாய் பதவி உயர்வு பெற்றார். நல்லசிவத்துக்கு மாற்றல் வரவில்லை.

அடுத்த ஆண்டு ஜூன் ஒன்பதாம் தேதி அக்கரை உயர்நிலைப் பள்ளி திறந்தது. யாஷ்வந்தும் நிதர்சனாவும் ஆறாம் வகுப்பில் சேர்ந்தார்கள். இசக்கி புற்று வேலைக்குப் போகத் தொடங்கி அன்றோடு எட்டு மாதம் இருபத்தாறு நாள் ஆகியிருந்தது.

*

நீதி: அதிகாரிகள் திணறுகிற கணக்குக்கு உனக்கு விடை தெரிந்தால், கையைத் தூக்குமுன் அறையில் இருப்பவர்களை எண்ணிப் பார், மிச்சமாக வருவது நீதான் என்றால், தெரியாது என்பதே சரியான விடை.